இரண்டாவது கியரில்

ஜெலுத்தோங், இரவு ஒன்பது.
பூன் ஹுவாட் பட்டறையில் பாதி ஷட்டரை இறக்கியாயிற்று.
விரித்த நாளிதழின் மேல் இரண்டு இரும்புகள்.
ஒன்று நத்தை ஓடுபோலச் சுருண்டு கிடக்கிறது.
மற்றதன் வயிற்றுக்குள் முறுக்கிய உருளைகள் இரண்டு,
தொட்டுக்கொள்ளாமலே தழுவி நிற்கின்றன.

"எது?" என்று மலாயில் கேட்கிறான்.
"ரெண்டும் ஒரே விலைதான், கோகிலா.
இன்னிக்கே சொன்னா இருநூறு குறைப்பேன்."

கைப்பையில் கூட்டு எடுத்த ஆறாயிரம்.
வெளியே தூறலில் என் சத்ரியா,
யாரோ இடித்துவிட்டுப் போன நீலம் இன்னும் பம்பரில்.

நத்தையைத் தூக்கிப் பார்க்கிறேன். கனம்.
டர்போ.
எஞ்சின் வேண்டாமென்று துப்பிய புகையில்
விசிறியைச் சுழற்றி
அதே எஞ்சினுக்குக் காற்றை ஊட்டும்.
காசில்லாத பலம் என்பான் சற்குணன்.
காசு வாங்காதுதான்.
நேரம் வாங்கும்.
மிதித்த பின் ஒரு மூச்சு,
இன்னொரு மூச்சு,
அப்புறம்தான் முதுகில் அந்த உதை.

சற்குணனும் அப்படியே.
ஏழு மணி என்றால் எட்டே முக்கால்.
வந்துவிட்டால் மாடிப்படி அதிரும்,
கையில் பசெம்பூர் பொட்டலம், வாயில் நூறு கதை,
காத்திருந்த கோபத்தை எங்கே வைத்தேன் என்று
நானே தேடுவேன்.
இரண்டு வருடம் தேடினேன்.

மற்றது சூப்பர்சார்ஜர்.
எஞ்சினின் இடுப்பிலேயே பெல்ட்டைக் கட்டிச் சுழல்வது.
மிதித்த கணமே காற்று, கேள்வி கிடையாது.
ஆனால் உழைப்பவன் கூலியில் கை வைக்கும்:
பத்துக் குதிரை தருகிறேன்,
மூன்று குதிரையை முதலில் எனக்குப் போடு.
இந்தக் கணக்கு எனக்குப் பழக்கம்.
பாயான் லெப்பாஸில் பன்னிரண்டு மணி நேரம் நின்று
ஓவர்டைம் வாங்கி
அதில் பாதியை இடுப்பு வலிக்குக் கொடுக்கிறவள் நான்.

"ஜே.பி.ஜே. பிடித்தால்?"
"அதுக்கு ரெண்டுக்கும் ஒரே பதில்" என்று சிரிக்கிறான்.

போன மாதம் முழுக்க ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்,
பெடலைத் தரைவரை மிதித்தது எங்கே, எத்தனை நொடி என்று.
பாலத்தில்: பூஜ்யம். கேமரா இருக்கிறது.
கிரீன் லேனில்: பூஜ்யம். சிவப்பு விளக்கு, மறுபடி சிவப்பு.
ஞாயிறு காலை,
தெலுக் பாஹாங் அணையைத் தாண்டி
தித்தி கெராவாங் ஏறும் வளைவுகளில் மட்டும்
எண்பத்திரண்டு நொடி.
எல்லாம் இரண்டாவது கியர்,
எல்லாம் டர்போ இன்னும் கண் விழிக்காத வேகம்.

ஒரு மாதத்தில் எண்பத்திரண்டு நொடி.
அதற்கா ஆறாயிரம் என்று கேட்டால் பதிலில்லை.
அதற்குத்தான்.

உருளைகள் இருந்த பக்கம் விரலை நீட்டினேன்.
பூன் ஹுவாட் எதுவும் சொல்லவில்லை.
நத்தையைத் துணியில் சுற்றி
மேல் தட்டில், மற்ற நத்தைகளோடு வைத்தான்.

மூன்று வாரம் ஆகிறது.
பெட்ரோல் குடிக்கிறது. நண்பகலில் சூடாகிறது.
தெரிந்தே கட்டியதுதான்.
நேற்று பாலிக் பூலாவ் நேர் சாலையில்
சற்குணன் விசில் அடித்துக்கொண்டே கடந்து போனான்,
கையசைத்தான், புள்ளியானான்.
நான் துரத்தவில்லை.
முன்னால் வளைவு இருந்தது.
அதற்கு அடுத்த வளைவும்.
மூன்றாவதில் அவன் பின்விளக்கின் விரிசல்
எண்ணிவிடக்கூடிய தூரத்தில் தெரிந்தது.
அவன் மிதித்துவிட்டு
காத்திருந்தான்.

கீழ்வீட்டு மாக் சூ மட்டும்
மாடிப்படியில் நிறுத்திக் கேட்கிறாள்,
காலையில் ஐந்தரைக்கெல்லாம் ஒரு ரீங்காரம்,
தையல் மெஷின் வாங்கியிருக்கிறாயா,
ஒரு பாஜு கூரோங் தைத்துத் தர முடியுமா என்று.